கடல்மீனுக்கு முன் கடல்நீர்

நெசவாளருக்கும் விவசாயிக்கும் உரிய இப்பத்திரிகையில் கடல்மீன் வளர்ப்பைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ கடலைக் காண வேண்டுமாயின் தூத்துக்குடி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். நமக்கு மேற்கே மலை, கிழக்கே கரிசல். ஆயினும் காலம் மாறி வருகிறது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலச் சித்திரப் படம் ஒன்றில் 'நீமோ' என்னும் பெயருடன் தோன்றிய ஆரஞ்சு நிற மீன், நம் குழந்தைகளின் புத்தகப் பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் ஏறி அமர்ந்துவிட்டது. அதனை உயிருடன் வீட்டில் வளர்க்கலாம் என்றும், அது நல்ல வருவாய் தரும் தொழில் என்றும் செய்திகள் பரவுகின்றன.

செய்தியைக் கேட்டவர் ஆசைப்படுகிறார். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு தொட்டி வாங்குகிறார். அன்றே நீர் நிரப்புகிறார். அன்றே மீனையும் விடுகிறார். பத்து நாட்களுக்குள் மீன் மடிகிறது. 'இந்த ஊர்த் தண்ணீர் ஆகவில்லை' என்று கூறித் தொட்டியைத் திண்ணையில் கவிழ்த்து வைக்கிறார். பணமும் போயிற்று; ஓர் உயிரும் போயிற்று. இவ்வாறு நேர்வதற்குக் காரணம் ஊருமன்று, விதியுமன்று. வரிசை தவறியதே காரணம். கடல்மீனை வளர்க்க விரும்புபவர் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அன்று, நீரை. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். உழுது பண்படுத்தாத நிலத்தில் விதைப்பவரும், கஞ்சி ஏறாத பாவைத் தறியில் ஏற்றுபவரும் நம்மில் இலர். ஆதலின் இக்கருத்து நமக்கு எளிதில் விளங்கும்.

1. மீனின் இயல்பு

'நீமோ' என்று குழந்தைகள் அழைக்கும் மீனுக்குத் தமிழில் கோமாளி மீன் என்று பெயர். உடலில் வெண்பட்டைகள் உடைய இம்மீன்களில் ஏறக்குறைய முப்பது இனங்கள் உள்ளன. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியிலும் உள்ள பவளத்திட்டுகளே இவற்றின் தாயகம். நமது தமிழ்நாட்டுக் கடலிலும், மன்னார் வளைகுடாவில், இவற்றுள் ஓர் இனம் வாழ்கிறது.

பவளத்திட்டின்மேல் மலர்போல் விரிந்திருக்கும் கடற்சாமந்தி என்னும் பிராணியின் கைகளுக்கிடையே இம்மீன் குடியிருக்கும். அக்கைகள் பிற மீன்களைக் கொட்டி மயக்கும் தன்மையன. கோமாளி மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பான பூச்சு அதனைக் காக்கிறது. மீனுக்குப் பகைவரிடமிருந்து பாதுகாப்பு. கடற்சாமந்திக்கு மீனின் கழிவு உணவு. ஒன்றுக்கொன்று உதவி வாழும் இவ்வாழ்க்கையைக் கூட்டுறவு என்று நாம் கூறினால் மிகையாகாது.

இம்மீனிடம் வியப்பான வேறொரு குணமும் உண்டு. எல்லாக் குஞ்சுகளும் முதலில் ஆண் தன்மையுடனேயே வளர்கின்றன. ஒரு கூட்டத்தில் உருவில் பெரியது பெண்ணாகிறது. அப்பெண் மீன் இறந்தால் அதற்கு அடுத்த பெரிய ஆண், பெண்ணாக மாறிவிடும். எனவே இளமீன் இரண்டைச் சேர்த்து வளர்த்தால் அவை காலப்போக்கில் இணையாகிவிடும். மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் அதனை மற்ற இரண்டும் துரத்திக் கடித்து மெலியச் செய்யும்.

முறையாகப் பேணினால் இம்மீன் தொட்டியில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாங்கித் தரும் மீனை அக்குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை பேண வேண்டியிருக்கலாம். வாங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் அவசியம்.

2. உப்பு நீர் வேறு, கடல்நீர் வேறு

'தூத்துக்குடி உப்பு மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கரைத்தால் போதாதா?' என்பது பலரும் கேட்கும் முதற் கேள்வி. போதாது. காரணத்தைக் காண்போம்.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இவற்றுள் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நாம் சமையலில் உபயோகிக்கும் உப்பு. எஞ்சியவை மக்னீசியம், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம், பொட்டாசியம், கந்தகச் சேர்க்கைகள் முதலியன. ஒரு கிலோ கடல்நீரில் மக்னீசியம் ஏறக்குறைய 1.3 கிராமும், கால்சியம் 0.4 கிராமும் உள்ளன. உப்பளத்தில் கடல்நீர் வெயிலில் வற்றும்போது சமையலுப்பு படிந்து இறுகுகிறது. மக்னீசியம் முதலியவை, இறுதியில் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. உப்பளத்தார் அந்நீரை நீக்கிவிட்டு உப்பை வாருகின்றனர். ஆகவே கடையில் கிடைக்கும் உப்பு, கடல்நீரின் ஒரு பகுதியே. அதனைக் கரைத்த நீர் நாவுக்குக் கடல்நீர் போலத் தோன்றலாம். மீனுக்கு அது கடலாகாது.

கடல்மீன் உப்பு நீரைப் பருகி வாழ்வது. அதன் உடல்நீரில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கேயாகும். வெளியே உள்ள நீர் அதிக உப்பாக இருப்பதால், மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாது வெளியேறுகிறது. அக்குறையை நிறைக்க அது கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. நீரின் உப்பளவு திடீரென ஏறினாலும் இறங்கினாலும் இவ்வேலை குலைந்துவிடும்.

ஆதலின் இருவழிகளே உள்ளன. ஒன்று, தூய்மையான கடல்நீரைக் கொணர்தல். நமக்கு அது தொலைவாலும் செலவாலும் இயலாதது. மற்றொன்று, எல்லா உப்புகளும் உரிய அளவில் சேர்த்துத் தயாரிக்கப்பட்டு, அலங்கார மீன் கடைகளில் விற்கப்படும் கடலுப்புக் கலவையை வாங்கிக் கரைத்தல். நகராட்சிக் குழாய்நீரில் குளோரின் இருக்கும். அந்நீரைத் திறந்த பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு நாள் முழுவதும் காற்றுப் பம்பு வைத்துக் குமிழியிடச் செய்து, பின்னர்க் கலவையைக் கரைக்க வேண்டும். செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரங்களை இவ்வேலைக்குத் தொடவே கூடாது. உப்பு நீர் உலோகத்தை அரிக்கும். கரைந்த செம்பு கடலுயிர்களுக்கு நஞ்சாகும்.

அளவறிய நீரடர்த்திமானி வேண்டும். பால் சங்கத்தில் பாலைச் சோதிக்கும் பால்மானியின் தத்துவமே இதற்கும் தத்துவம். அடர்த்தி மிகுந்த நீரில் மானி உயர்ந்து நிற்கும். குறைந்த நீரில் தாழ்ந்து நிற்கும். ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026 வரை இருத்தல் நன்று. கடலுப்புக்கென அளவிட்ட மானியையே உபயோகிக்க வேண்டும்.

3. நீர் பழுத்தல்

இனி இப்பாடத்தின் உயிர்நாடிக்கு வருவோம். புதிதாகக் கரைத்த கடல்நீர், தெளிந்திருந்தாலும் மீனுக்குத் தகுதியானதன்று. அதில் இன்னும் இடம்பெறாத ஒரு பணியாளர் கூட்டம் உண்டு.

மீனின் செவுள் வழியாகவும், கழிவிலிருந்தும், தின்னாது விட்ட இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அமோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. கடலில் அது பெருநீரில் கரைந்து மறையும். தொட்டியிலோ நாளுக்கு நாள் பெருகும். நன்னீரைவிடக் கடல்நீரில் இத்தீமை அதிகம். ஏனெனில் கடல்நீரின் பி.எச். எண் 8-க்கு மேற்பட்டது. காரத்தன்மையும் வெப்பமும் மிகுமளவுக்கு அமோனியாவின் நச்சு வடிவமும் மிகும்.

இந்நஞ்சை நீக்குபவை சிலவகை நுண்ணுயிர்களே. முதல் வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் மிகக் குறைந்த தீமையுடையது. நீர் மாற்றத்தால் அதனைக் குறைத்துவிடலாம்.

விவசாயிகளுக்கு இது புதுச் செய்தியன்று. வயலில் இட்ட யூரியாவும் தொழுவுரமும் அமோனியாவாகி, பின்னர் நைட்ரேட்டாகிப் பயிருக்கு உணவாவது இத்தகைய நுண்ணுயிர்களின் உழைப்பாலேயே. செர்கெய் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர், 1890-ஆம் ஆண்டை ஒட்டி மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நிலத்தில் பயிருக்கு உணவு சமைக்கும் குடும்பத்தினரே, தொட்டியில் மீனுக்கு நஞ்சு நீக்குகின்றனர் என்று கொள்ளலாம்.

இந்நுண்ணுயிர்கள் மிதந்து திரிவதைவிடக் கல், மணல், வடிகட்டும் பொருள் ஆகியவற்றின்மேல் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. அவை மெதுவாகவே பெருகுகின்றன. ஆதலின் மீனில்லாத தொட்டியில் அவற்றை முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டும். முறை வருமாறு:

1. தொட்டியில் கடல்நீரை நிரப்பி, வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் இயக்குக.

2. கட்டைவிரல் அளவுள்ள உரித்த இறால் துண்டு ஒன்றைத் துணியில் கட்டி உள்ளே இடுக. அது அழுகி அமோனியாவைத் தரும்.

3. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை சோதனை மருந்தால் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளந்து குறித்து வருக.

4. முதலில் அமோனியா ஏறும். பின்னர் அது இறங்க, நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்க, நைட்ரேட் தோன்றும்.

5. அமோனியாவும் நைட்ரைட்டும் முற்றும் இல்லையென்று தொடர்ந்து காட்டும் நாளே நீர் பழுத்த நாள். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

6. அன்று எஞ்சிய இறாலை எடுத்தெறிந்து, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, அதன்பின் ஒரே ஒரு மீனை விடுக. இரண்டாவது மீனுக்கு மேலும் மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

இவ்வாறு வாரங்கள் காத்திருப்பதே கடினமென்று தோன்றலாம். இக்காலத்தில் நீரைத் தவிர ஒன்றும் காணப்படாத தொட்டியைக் கண்டு அண்டை வீட்டார் நகைக்கவும் கூடும். நாற்றங்காலில் விதையிட்டவர் மறுநாளே நாற்றைப் பிடுங்குவதில்லை. அதே பொறுமை இங்கும் வேண்டும். இதுவே பல தொட்டிகளின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது.

நுண்ணுயிர்களை வளர்த்தபின் அவற்றைக் காப்பதும் நம் கடமை. வடிகட்டியைக் குழாய்நீரில் கழுவினால் குளோரின் அவற்றை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலச வேண்டும்.

4. தொட்டியும் நம் ஊர் வெயிலும்

சிறிய தொட்டி எளிது என்பது தவறான எண்ணம். நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் விரைவில் மாறும். தொடங்குபவருக்கு 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி ஏற்றது. 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 160 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 160 கிலோவுக்கு மேல் ஆதலின், உறுதியான இரும்பு அல்லது மரத் தாங்கி அவசியம். 160 லிட்டருக்கு லிட்டருக்கு 35 கிராம் வீதம் 5.6 கிலோ உப்பு வேண்டும். கலவையில் ஈரமும் சேர்ந்திருக்குமாதலால் 6 கிலோ என்று கணக்கிடுக.

கோமாளி மீனுக்கு உகந்த வெப்பம் 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு. நம் ஊர்களில் கோடைப் பகல் 38 டிகிரியை எட்டும் நாட்கள் உண்டு. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். அன்றியும் அதே வெப்பத்தில் கடல்நீர், நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான பிராணவாயுவையே தாங்கும். ஆகவே வெயில் படாத, ஓட்டின் அல்லது கான்கிரீட்டின் சூடு நேரே இறங்காத, வீட்டின் நடு அறையில் தொட்டியை வைக்க வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இம்முறையிலேயாம்.

ஆனால் இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். மேலே சொன்ன தொட்டியில் நீர்மட்டம் 2 சென்டிமீட்டர் இறங்கினால் 8 லிட்டர் குறைந்ததாகும். 35 கிராமாக இருந்த உப்பளவு அப்போது 36.8 கிராமாக ஏறிவிடும். அக்குறையை உப்பு நீர் ஊற்றி நிறைத்தால் உப்பு மேலும் மேலும் ஏறும். குளோரின் நீங்கிய நன்னீரையே, நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தொட்டியின் பக்கத்தில் ஒரு கோடு வரைந்து வைத்தால் குழந்தைகளும் இவ்வேலையைச் செய்வர்.

மின்சாரம் தடைப்படின் காற்றும் ஓட்டமும் நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுதல் நன்று. தறி நின்றால் அன்றைய கூலி போகும். பம்பு நின்றால் மீன் போகும்.

நம் தொழில்களுக்கே உரிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. வயலில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்த கையையோ, சாயமும் சோப்பும் தொட்ட கையையோ தொட்டியில் இடக்கூடாது. தொட்டி உள்ள அறையில் கொசு மருந்தோ எறும்புப் பொடியோ தெளித்தலும் ஆகாது. காற்றுப் பம்பு அறைக் காற்றையே நீருக்குள் செலுத்துவதால், அந்நஞ்சு நேரே மீனைச் சேரும்.

5. மீன் எங்கிருந்து வந்தது?

இராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்க வருபவர், தாய் தந்தையைக் காணாமல் விலை பேசமாட்டார். அதே வழக்கத்தை மீன் வாங்குவதிலும் கைக்கொள்ள வேண்டும். 'இம்மீன் கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் பிறந்ததா?' என்று கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் உள்ளன. முன்னாளில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அப்பவளம் பெருமளவில் வெட்டப்பட்டது. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. கடல்நீரின் வெப்பம் மிகுந்த 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறித் துன்புற்றன. இவ்வாறு நலிந்துள்ள இடத்திலிருந்து அலங்காரத்துக்கென மேலும் உயிர்களை எடுத்தல் தகாது. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில், சயனைடு நஞ்சைப் பவளத்திட்டில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் நடந்ததுண்டு. அவ்வாறு பிடிபட்ட மீன் வெளிக்கு நன்றாகத் தோன்றினும் சில வாரங்களில் மடிவது வழக்கம்.

பவளத்தைப் பொறுத்தவரை சட்டமும் தெளிவாக உள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். அயல்நாட்டு நூல்கள், உயிருள்ள பவளப்பாறையைத் தொட்டியில் இடுமாறு கூறும். நாம் அதனைப் பின்பற்றலாகாது. மெருகிடாத, நன்கு வெந்த மண்பானையின் துண்டுகளைக் கழுவி அடுக்கினால் நுண்ணுயிர்களுக்கு வீடாகும். மீனுக்கு ஒதுங்கிடமும் ஆகும். பொரிப்பகங்களிலும் மண்சட்டியும் ஓடும் வைத்தே மீனை முட்டையிடச் செய்கின்றனர்.

நற்செய்தி என்னவெனில், கடல்மீனிலும் கோமாளி மீன் பொரிப்பகத்தில் பிறக்க வல்லது. 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில், கோமாளி மீன் இனங்கள் பலவற்றை இனப்பெருக்கம் செய்து குஞ்சு வளர்க்கும் முறை வகுக்கப்பட்டது. பெண் மீன் இடும் முட்டைகளை ஆண் மீன் விசிறிக் காக்கிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்தபின் அவை பொரிக்கின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத உயிர்களை முதலில் இரையாக இட்டு, இரண்டு வாரம் மிகக் கவனமாகப் பேணினால்தான் குஞ்சுகள் உருப்பெறும்.

பொரிப்பகத்து மீன் தொட்டி நீருக்கும் உலர்ந்த இரைக்கும் பழகியது. அதற்குக் கடற்சாமந்தியும் தேவையில்லை. பகைவர் இல்லாத தொட்டியில் மண்சட்டியே போதும். கடற்சாமந்திக்கு வலிய ஒளியும் மாறாத நீரும் வேண்டுமாதலின், புதியவர் அதனை வாங்காதிருத்தலே நல்லது.

வாங்குமுன் மீன் இரை தின்பதைக் கண்ணால் காண்க. துடுப்புகள் விரிந்து, உடலில் வெண்புள்ளிகளின்றி இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டியவாறே தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குக. பின்னர் ஒரு மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பையின் நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. பின்னர் மற்றொரு மீன் வாங்கினால் அதனை மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் அவ்வழியிலேயே நுழைகிறது.

6. அன்றாட வேலை

நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே இரை இடுக. சிறு குருணை இரையும், பொடியாக அரிந்த இறாலும் ஏற்றவை. திருக்குளத்து மீன்களுக்குப் பொரி தூவும் வழக்கத்தைத் தொட்டிக்குக் கொண்டுவரலாகாது. பொரியும் சோறும் அழுகி அமோனியாவாகும். அன்பின் மிகுதியால் இடும் இரையே பல மீன்களுக்கு நஞ்சாகிறது.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை, அதாவது 16 லிட்டரை, எடுத்துவிட்டு, முந்தின நாளே கரைத்து வைத்த அதே அளவும் அதே வெப்பமும் உள்ள புதுநீரை ஊற்றுக. இதற்கு வாரத்துக்கு ஏறக்குறைய 600 கிராம் கலவை செலவாகும். ஆண்டுக்கு 31 கிலோ. எடுத்த உப்பு நீரைச் செடிக்கோ தோட்டத்துக்கோ பாய்ச்சக்கூடாது, நிலம் உவர்த்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வெப்பம், ஒப்படர்த்தி, அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், ஊற்றிய நன்னீர் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதி வருக. சங்கத்தின் கணக்கை எழுதி வைப்பது எத்துணை அவசியமோ, அத்துணை அவசியம் இதுவும்.

7. கூட்டுறவு நோக்கில்

மீனைவிடத் தொட்டியும் உப்பும் சோதனை மருந்தும் மின்சாரமுமே பெருஞ் செலவு. நீரடர்த்திமானி ஒன்று பத்து வீட்டுக்குப் போதும். சோதனை மருந்தும் அவ்வாறே. ஒரு வீட்டார் மட்டும் வாங்கினால் பாதிக்கு முன்னரே காலாவதியாகிவிடும். கடலுப்புக் கலவையை மூட்டையாக வாங்கிப் பகிர்ந்தால் விலையும் குறையும். அதனினும் சிறந்தது, வீட்டுக்கொரு தொட்டி என்பதை விட்டு, ஊர்ப் பள்ளியிலோ சங்கத்தின் படிப்பகத்திலோ பொதுவாக ஒரு தொட்டியை அமைத்து, முறைவைத்துப் பேணுதல். குழந்தைகள் அனைவரும் காண்பர், பொறுப்பும் பகிரப்படும்.

இனி, தொழிலாகச் செய்யலாமா என்னும் கேள்வி. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நன்னீர், கடல் ஆகிய இருவகை அலங்கார மீன் வளர்ப்புக்கும் உதவி வகுக்கப்பட்டது உண்மையே. ஆயினும் கடற்கரையில் இருப்பவருக்குக் கடல்நீர் வாசலில் கிடைக்கிறது. நாம் ஒவ்வொரு லிட்டருக்கும் உப்பு வாங்க வேண்டும். அவர் நீரை மாற்றுவது குழாயைத் திருப்பும் வேலை. நமக்கோ அது கடைக்கணக்கு. எனவே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கடல்மீன் வளர்ப்பு கல்விக்கும் மனமகிழ்வுக்கும் உரியதேயன்றி, கடன் வாங்கிச் செய்யத்தக்க தொழிலன்று. அலங்கார மீனில் வருவாய் நாடுவோர் நன்னீர் மீனிலிருந்தே தொடங்கலாம். சென்னைக் கொளத்தூர் அத்தொழிலால் பெயர் பெற்ற இடமாகும். இதனையும் மீறி ஒருவர் கடல்மீனுக்குக் கடன் கேட்டு வந்தால், ஓராண்டுக்காலம் ஒரு தொட்டியைப் பேணிய நோட்டுப் புத்தகத்தைக் காட்டுமாறு சங்கம் கேட்பது தகும்.

நீரைப் பழுக்கவிட்டவருக்கே மீன் நிலைக்கும். ஆறு வாரம் பொறுக்க மனமில்லாதவர் தொட்டி வாங்காதிருப்பதே, பணத்துக்கும் நலம், மீனுக்கும் நலம்.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. தூத்துக்குடி உப்பைக் கரைத்த நீர் ஏன் கடல்நீர் ஆகாது?

2. வயலில் யூரியாவுக்கு நேரும் மாற்றத்தையும் தொட்டியில் அமோனியாவுக்கு நேரும் மாற்றத்தையும் ஒப்பிடுக.

3. நீளம் 60, அகலம் 40 சென்டிமீட்டர் உள்ள தொட்டியில் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் எத்தனை லிட்டர் நன்னீர் ஊற்ற வேண்டும்?

4. பொரிப்பகத்தில் பிறந்த மீனையே வாங்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள் யாவை?

5. நம் சங்கத்தில் பொதுத் தொட்டி ஒன்று அமைத்தால் அதன் ஓராண்டுச் செலவை வகைப்படுத்தி எழுதுக.